பழைய புரொஜெக்டரைக் கட்டிக்கொண்டு அழும் பிள்ளையை என்ன படிக்க வைப்பது?

பிளஸ் டூ முடித்த மகள், காயலான் கடையில் கிடந்த ஸ்லைடு புரொஜெக்டரை (சின்னப் பிலிம் படங்களை ஒவ்வொன்றாகப் பெரிதாக்கிக் காட்டும் கருவி) சரிசெய்து மொட்டைமாடிச் சுவரில் படம் காட்டுகிறாள். பெரியப்பாவோ மனையை விற்றாவது மேனேஜ்மென்ட் கோட்டாவில் கம்ப்யூட்டர் சயின்ஸ் சேர்க்கச் சொல்கிறார். என்ன செய்வது என்று ஒரு அம்மா கேட்டிருக்கிறார்.

உங்கள் கவலை நியாயம்தான் அம்மா. ஆனால் மனையை விற்காதீர்கள். விருப்பமில்லாத பிள்ளைக்கு டொனேஷன் கட்டிச் சேர்த்தால் பணமும் போகும், நான்கு வருடமும் போகும். கம்ப்யூட்டர் சயின்ஸைப் பற்றிச் சொல்லத்தான் ஊரே இருக்கிறதே, நான் வேறொன்றைச் சொல்கிறேன்: இப்படிப் பழைய புரொஜெக்டரில் ஓடும் கலைப்படைப்புகளைப் பாதுகாக்கும் வேலை.

கோடாக் நிறுவனம் 2004-இல் ஸ்லைடு புரொஜெக்டர் தயாரிப்பதை நிறுத்திவிட்டது. கலைஞர்கள் நிறுத்தவில்லை. லண்டனில் டேட் மாடர்ன் என்ற கலை மியூசியத்தில் 2011-இல் டசிட்டா டீன் என்ற கலைஞர், 35 எம்.எம். பிலிமில் எடுத்த 11 நிமிடப் படத்தை 13 மீட்டர் உயரத்துக்கு நெட்டுவாக்கில் காட்டினார். ஆண்டனி மெக்கால் 1973-இல் செய்த படைப்பில் 16 எம்.எம். புரொஜெக்டரின் ஒளியே புகை நடுவில் கூம்பாக நிற்கும். ஜனங்கள் அதற்குள் நடந்து போவார்கள். இன்றும் மியூசியங்கள் அதைக் காட்டுகின்றன.

இதையெல்லாம் ஓட வைப்பது யார்? அங்கேதான் வேலை இருக்கிறது. ஸ்லைடு விளக்கொளியில் நிற்க நிற்கச் சாயம் வெளுக்கும். அதனால் மூலத்தைக் குளிர் அறையில் வைத்துவிட்டு, நகலைப் போட்டு, அது மங்கியதும் மாற்ற வேண்டும். அசிடேட் என்ற பிளாஸ்டிக்கில் செய்த பிலிம் கெட ஆரம்பித்தால் டப்பாவைத் திறந்ததும் வினிகர் வாடை அடிக்கும். கேலரியில் நாள் முழுக்கச் சுற்றும் 16 எம்.எம். ரீலில் கீறல் விழும், ஓரத்துத் துளை கிழியும். புது பல்ப், பெல்ட் கிடைப்பதே பாடு. கையும் கண்ணும் வேதியியலும் தெரிந்த ஆள் வேண்டும். நியூயார்க் பல்கலைக்கழகம் 2018-இல் இப்படிப்பட்ட படைப்புகளைப் பாதுகாப்பதற்கென்றே தனிப் படிப்பு தொடங்கியது. சுவிட்சர்லாந்தின் பெர்ன் நகரிலும் இதைப் படிக்கலாம்.

உடனே வெளிநாட்டுக்குக் கடன் வாங்கக் கிளம்பிவிடாதீர்கள். உதவித்தொகை கிடைத்தால் போகட்டும், இல்லாவிட்டால் வேண்டாம். இதில் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். இந்தியாவில் இந்த வேலைகள் குறைவு என்பதையும் மறைக்கவில்லை. அதனால் அடித்தளம் அகலமாக இருக்கட்டும். சென்னை எழும்பூர் அரசு கவின்கலைக் கல்லூரியில் நான்கு வருட பி.எஃப்.ஏ. (கவின்கலை இளங்கலைப் பட்டம்) படிக்கலாம், அரசுக் கல்லூரி என்பதால் செலவு கையைக் கடிக்காது. கூடவே மும்பையின் ஃபிலிம் ஹெரிடேஜ் ஃபவுண்டேஷன் நடத்தும் பிலிம் பாதுகாப்புப் பயிலரங்குக்கு விண்ணப்பிக்கட்டும். 2017-இல் அதைச் சென்னையிலேயே நடத்தினார்கள். கொச்சி பியனாலே மாதிரிக் கலைக் கண்காட்சிகளில் புரொஜெக்டர் பொருத்தும் வேலை, மேடை ஒளியமைப்பு, ஆவணக் காப்பகம் என்று சம்பாதிக்க வேறு வழிகளும் உண்டு.

பெரியப்பா கேட்டால், முடிவெடுக்கப் போவது படிக்கப் போகிறவள்தான் என்று சொல்லிவிடுங்கள். மகளிடம் ஒன்று சொல்லுங்கள். அந்த புரொஜெக்டரில் எதை மாற்றினாள், பல்ப் எத்தனை வாட், எங்கே சிக்கியது என்று தேதி போட்டு ஒரு நோட்டில் எழுதட்டும், படமும் எடுத்து ஒட்டட்டும். கவின்கலைக் கல்லூரியின் நுழைவுத் தேர்வுக்கு வரைந்து பழகுவதை இந்த வாரமே ஆரம்பிக்க வேண்டும்.