அரிசி டின்னுக்குப் பின்னாடி ஒரு நோட்டு

கேள்வி: கல்யாணமாகி 6 வருஷம் ஆச்சுக்கா. எங்க சனம் ஊர்க்காரங்ககிட்ட பட்டதையும், எங்க வீடுகளுக்குள்ள பொம்பளைங்க படற பாட்டையும் ஒரு நோட்டுல எழுதி அரிசி டின்னுக்குப் பின்னாடி ஒளிச்சு வெச்சிருக்கேன். ஊர்க்காரங்க செஞ்சத எழுது, நம்ம வீட்டு விஷயத்த ஏன் சந்தி சிரிக்க வைக்கறன்னு ஃப்ரெண்டு கேக்கறா. தப்பா?

பதில்: தப்பே இல்லம்மா. உங்க லெட்டர படிச்சதும் மராத்தி எழுத்தாளர் பேபி காம்ப்ளே ஞாபகம்தான் வந்துச்சு. 1929ல பொறந்தவங்க, தீண்டத்தகாதவங்கன்னு ஒதுக்கி வெச்சிருந்த மகர் சாதி, மஹாராஷ்டிரால ஃபல்டண்ல இருந்தாங்க, 13 வயசுல கல்யாணம். சின்னதா ஒரு மளிகைக் கடை, பொட்டலம் கட்ட வர்ற பழைய பேப்பர எல்லாம் விடாம படிப்பாங்க, வீட்டுக்காரர் சரக்கு வாங்கப் போன நேரம் பாத்து கடையிலயே உக்காந்து எழுதுவாங்க, அப்புறம் நோட்டு யார் கண்ணும் படாத மூலைக்குப் போயிடும். இப்படியே 20 வருஷம்! 'ஜிணா ஆமுச்சா'ன்னு 1986ல புத்தகமா வந்துச்சு, மராத்தில 'எங்க பொழப்பு'ன்னு அர்த்தம்.

அதுல மேல்சாதி செஞ்ச கொடுமையும் இருக்கு, மகர்வாடாவுக்குள்ள, அதாவது மகர் சனம் குடியிருந்த பகுதிக்குள்ள, நடந்ததும் இருக்கு. பொம்மை வெச்சு விளையாடற வயசுல வந்த மருமகள விடியறதுக்கு முன்னாடி எழுப்பி மாவரைக்க விடுவாங்களாம், அது தட்டின பாக்ரி, அதாவது ரொட்டி, கோணலா இருந்தா மாமியார் அக்கம்பக்கத்து பொம்பளைங்கள கூப்பிட்டு அதக் காட்டி அசிங்கப்படுத்துவாங்களாம். படிச்சப்ப எனக்கு வயிறு கலங்கிடுச்சு. எழுதினவங்க அம்பேத்கர் இயக்கத்துலயே வளந்தவங்க, தன் சனத்து மேல உசிரையே வெச்சிருந்தவங்க, அதனாலதான் இதையும் எழுதினாங்கன்னு நான் நம்பறேன்.

ஆனா தன் புருஷன்கிட்ட தான் வாங்கின அடிய அந்தப் புத்தகத்துல பெருசா எழுதல. பின்னாடி ஆங்கிலத்துல மொழிபெயர்த்த மாயா பண்டிட் பேட்டி எடுத்தப்பதான் சொன்னாங்க. எத எழுதறது, எத எப்ப சொல்றதுங்கறத அவங்களேதான் முடிவு பண்ணாங்க. உங்க நோட்டுக்கும் அப்படித்தான், உங்க ஃப்ரெண்டும் முடிவு பண்ண முடியாது, நானும் முடியாது. இப்போதைக்கு எல்லாத்தையும் எழுதுங்க, வெளிய விடறத அப்புறம் பாத்துக்கலாம்.

இன்னொண்ணு. ஃபல்டண்ல வேலை பாத்த மாக்ஸீன் பெர்ன்ட்சன்ங்கற அமெரிக்காவுல பொறந்த கல்வியாளர் குடுத்த ஊக்கத்துலதான் பேபி காம்ப்ளே எழுத்து அச்சுக்கே வந்துச்சு. அந்த மாதிரி நம்பகமா ஒரே ஒரு ஆளு உங்களுக்கும் வேணும், தேடுங்க. அது வரைக்கும் எழுதின பக்கத்த எல்லாம் ஃபோன்ல படம் புடிச்சு வேற ஒரு இடத்துலயும் ஒரு காப்பி வெச்சுக்கோங்க, அரிசி டின்னு பக்கம் எலி வரும்மா.