வைத்த சதை நீலமானால் ஆக்சிஜன் சேம்பர் போதுமா?

கேள்வி: பைக் விபத்தில் என் கணவருக்குக் கணுக்காலில் எலும்பு தெரிந்தது. தொடையிலிருந்து சதை எடுத்து வைத்து (ஃப்ளாப்) ஆபரேஷன் செய்து இரண்டு நாள் ஆகிறது. இன்று காலையிலிருந்து அந்தச் சதை நீலம் பாய்ந்து வீங்கியிருக்கிறது. வார்டுக்கு வந்த ஒருவர், தெரிந்த சென்டரில் ஆக்சிஜன் சேம்பரில் பத்து முறை உட்கார வைத்தால் சரியாகிவிடும் என்கிறார். செய்யலாமா?

பதில்: முதலில் ஆபரேஷன் செய்த டாக்டரை இப்போதே வரச் சொல்லுங்கள். நீலமும் வீக்கமும் சேர்ந்து வந்தால், பெரும்பாலும் உள்ளே போகும் ரத்தம் திரும்பி வர வழியில்லை, சிரை அடைபட்டிருக்கிறது என்று பொருள். விரலால் லேசாக அழுத்தி எடுத்ததும் நிறம் சட்டென்று திரும்பினால் அதற்கு வாய்ப்பு அதிகம். வெளுத்துச் சில்லென்று இருந்தால், ரத்தத்தை உள்ளே கொண்டுவரும் தமனியில் கோளாறு. இரண்டுக்கும் மருந்து ஒன்றுதான்: தியேட்டருக்குக் கொண்டுபோய்த் திறந்து, கட்டியிருக்கும் ரத்தத்தை எடுத்து, ரத்தக்குழாயை மறுபடி தைப்பது.

ஆனால் ரத்தமில்லாமல் பல மணி நேரம் கிடந்த சதையில் நுண்குழாய்களே வீங்கி அடைத்துக்கொள்ளும். அப்புறம் பெரிய குழாயைத் திறந்தாலும் ரத்தம் ஏறாது. இந்தக் கோளாறுகளில் பெரும்பாலானவை முதல் மூன்று நாளில்தான் வரும் என்பது எல்லாருக்கும் தெரியும். தெரிந்தும் 'காலை ரவுண்ட்ஸில் பார்க்கலாம்' என்று இரவு முழுக்கக் காக்க வைக்கிறார்களே, அதை என்னால் ஏற்க முடியவில்லை. டியூட்டி டாக்டர் தயங்கினால் தலைமை டாக்டருக்கு உங்கள் முன்னாலேயே போன் போடச் சொல்லுங்கள். இறுகிய கட்டைத் தளர்த்துவது, ஓரிரு தையலைப் பிரிப்பது எல்லாம் அவர்கள் வேலை. நீங்கள் கை வைக்காதீர்கள்.

சேம்பர் வீண் என்று சொல்லமாட்டேன். குழாய் திறந்துதான் இருக்கிறது, ஓரம் மட்டும் பிழைக்குமா என்ற சந்தேகம் என்றால், சர்ஜனே எழுதிக் கொடுத்தால், உடனே தொடங்கினால் பலன் உண்டு. அதுவும் காற்றழுத்தத்தைப் போல் இரண்டு, இரண்டரை மடங்கு அழுத்தத்தில் சுத்த ஆக்சிஜன் கொடுக்கும் கெட்டியான அறையில். கமிஷனுக்காக ஆள் பிடிப்பவர்கள் காட்டும், காற்றடைத்த பை போன்ற சேம்பர் பெரும்பாலும் 1.3 மடங்கைத் தாண்டாது. அடைபட்ட சிரையை எந்த சேம்பரும் திறக்காது. அங்கே போய் வரும் நேரத்தில் சதை போய்விடும்.

வெந்நீர் ஒத்தடம் வேண்டவே வேண்டாம். அந்தச் சதையில் உணர்ச்சி இருக்காது, வெந்தாலும் அவருக்குத் தெரியாது. பீடி, சிகரெட், நிகோடின் சூயிங்கம் எதுவும் கூடாது, குழாய் சுருங்கும். பக்கத்தில் யாரும் புகைக்கவும் விடாதீர்கள்.