பழைய மின்விசிறியைக் கழற்றி எறியும் முன்

கேள்வி: எங்கள் வீட்டு மின்விசிறிக்கு வயது இருபதைத் தாண்டிவிட்டது. ரெகுலேட்டரை முழுவதும் திருப்பினாலும் மெதுவாகவே சுற்றுகிறது. பழுது பார்ப்பதா, புதியது வாங்குவதா?

பதில்: வேகம் குறைந்ததை மட்டும் வைத்து மோட்டார் போய்விட்டதாக முடிவுகட்ட வேண்டாம். முதலில் ரெகுலேட்டரை விலக்கி, எலக்ட்ரீசியனைக் கொண்டு நேர் இணைப்புக் கொடுத்துப் பாருங்கள்; வேகம் திரும்பினால் பழுது விசிறியில் இல்லை.

திரும்பாவிட்டால், அடுத்துச் சந்தேகிக்க வேண்டியது கண்டன்சர் எனப்படும் மின்தேக்கியை. மோட்டாரில் உள்ள இரண்டு காயில்களில் (கம்பிச் சுருள்களில்) ஒன்றின் மின்னோட்டத்தை மற்றதைவிடச் சற்று முந்தச் செய்து, சுழலும் காந்தப்புலத்தை உண்டாக்குவது அதுதான். பல ஆண்டுச் சூட்டில் அதன் கொள்ளளவு குறையக் குறைய விசிறியும் தளர்கிறது. முற்றிலும் செயலிழந்தால் விசிறி முனகிக்கொண்டு நிற்கும், குச்சியால் தள்ளிவிட்டால்தான் சுற்றும். பழைய கண்டன்சரில் அச்சிட்டிருக்கும் அதே மதிப்பில்தான் புதியதைப் போட வேண்டும். பெரும்பாலும் அது 2.5 மைக்ரோஃபாரட். வேகம் கூடட்டும் என்று பெரிய மதிப்பைப் போடுவோர் உண்டு. அது காயிலைச் சூடேற்றி மோட்டாரின் ஆயுளைக் குறைக்கும் வேலை.

மின்சாரத்தை நிறுத்திவிட்டு இறக்கையைக் கையால் சுழற்றினால் தடையின்றி ஓடி ஓய வேண்டும். கரகரத்துச் சட்டென நின்றால் பேரிங் தேய்ந்திருக்கிறது. மூடிய பேரிங்குக்கு வெளியிலிருந்து எண்ணெய் விடுவதில் பயனில்லை, மாற்றத்தான் வேண்டும்.

இவ்விரண்டும் சிறு செலவுகள் என்பதால் தயங்காமல் செய்யலாம். காயில் கருகியிருந்தால் கணக்கு மாறுகிறது. பழைய விசிறி ஏறத்தாழ 75 வாட் இழுக்கும், பி.எல்.டி.சி. எனப்படும், பிரஷ் இல்லாத டி.சி. மோட்டார் வகை விசிறிக்கு 30 வாட் அளவே போதும். நாளுக்கு 12 மணி நேரம் ஓடினால் ஆண்டுக்குச் சுமார் 197 யூனிட் மிச்சமாகும் என்ற நிலையில், புதிதாகக் காயில் கட்டுவதற்குப் பணம் செலவிடுவதை நான் பரிந்துரைக்க மாட்டேன். கண்டன்சர் மாற்றிய விசிறியைக்கூட, நாள் முழுதும் ஆள் இருக்கும் அறையிலிருந்து எப்போதாவது பயன்படும் அறைக்கு மாற்றிவிடுவது நல்லது.

எதைச் செய்தாலும், ஏணியில் ஏறியிருக்கும்போதே, விசிறியைத் தாங்கும் போல்ட், அது கழன்றுவிடாமல் தடுக்கும் பிளவு ஊசி, ரப்பர் புஷ் மூன்றையும் பார்க்கச் சொல்லுங்கள். இருபது ஆண்டு அதிர்வில் போல்ட் தேய்ந்திருந்தாலோ ரப்பர் வெடித்திருந்தாலோ, மோட்டார் எவ்வளவு நன்றாக இருப்பினும், அவற்றை மாற்றாமல் விசிறியை மீண்டும் ஓட விடக் கூடாது.