பாய்மரப் படகின் கேபின் தரைமேல் அப்படியே வினைல் ஒட்டலாமா?

புதுச்சேரி தேங்காய்த்திட்டில் நிற்கும் உங்கள் பாய்மரப் படகில் கேபின் தரைப்பலகை ஊறிவிட்டது, மேலே வினைல் ஒட்டினால் போதுமா என்று கேட்டிருக்கிறீர்கள். போதாது. ஈரம் வெளியேற வழியில்லாமல் மரம் இன்னும் வேகமாக அழுகும்.

பழைய பலகையைக் கழற்றி, தூக்கி எறிந்துவிடாமல், அதையே அளவாக வைத்து ஐஎஸ் 710 (ஈரம் தாங்கும் பிளைவுட்டுக்கான இந்தியத் தரம்) மரைன் பிளைவுட்டில் புதிதாக வெட்டுங்கள். அப்புறம் எல்லாப் பக்கமும், திருகு ஓட்டைகளின் உள்ளேயும் எபாக்சி (இறுகி ஈரத்தைத் தடுக்கும் பிசின்) இரண்டு மூன்று கோட், குறிப்பாக விளிம்புகளுக்கு, ஏனென்றால் பிளைவுட் தண்ணீரை அதிகம் உறிஞ்சுவது அங்கேதான். ஒன்றோடொன்று மாட்டிப் பூட்டும் கிளிக் பலகை வினைல் வேண்டாம், மே மாத வெயிலில் மூடிக்கிடக்கும் கேபினில் விரிந்து எழும்பிவிடும். சொரசொரப்பான ஷீட் வினைலை முழுப்பரப்பிலும் பசை தடவி ஒட்டுங்கள்.

பில்ஜ், அதாவது தரைக்கு அடியில் தண்ணீர் சேரும் பள்ளம், அதன் மூடிகளுக்கு வினைலைத் தனித்தனியாக வெட்டி, சுற்றிலும் கொஞ்சம் இடைவெளி விடுங்கள். தண்ணீர் புகுந்தால் முதலில் திறக்க வேண்டியது அவைதான், அந்த நேரத்தில் இறுகி நிற்கக்கூடாது.