பிழைத்து வந்தவன் அழலாமா?

அன்புள்ள ஆலோசகர் அம்மாவுக்கு,

எனக்கு 56 வயது. திருவல்லிக்கேணியில் சின்னதாக ஒரு அச்சகம் வைத்திருக்கிறேன். கல்யாணப் பத்திரிகை, பில் புக், கோயில் நோட்டீஸ், இதுதான் பிழைப்பு. ஏழு வாரத்துக்கு முன் பைபாஸ் ஆபரேஷன் நடந்தது. எல்லாம் நல்லபடியாக இருக்கிறது என்கிறார் டாக்டர். பார்க்க வருகிறவர்கள் சாத்துக்குடியும் ஹார்லிக்ஸுமாக வந்து, "உங்களுக்கு இது மறுபிறவி சார், சந்தோஷமா இருங்க" என்கிறார்கள். என்னால்தான் அப்படி இருக்க முடியவில்லை.

திடீர் திடீரென்று அழுகை வருகிறது. சோப்பு விளம்பரம் பார்த்துக்கூட அழுதேன். சாம்பாரில் உப்பில்லை என்று தட்டைத் தள்ளிவிட்டேன். 28 வருஷத்தில் மனைவியிடம் அப்படி நடந்துகொண்டதே இல்லை. ராத்திரி மூன்று மணிக்கு விழிப்பு வந்தால், நெஞ்சு அடித்துக்கொள்வதைக் கேட்டுக்கொண்டே கிடப்பேன். கொரோனா சமயத்தில் வாங்கிய ஆக்சிமீட்டரை விரலில் மாட்டி மாட்டிப் பார்ப்பேன். நேற்று எண்ணினேன், 31 தடவை.

போன மாதம் ஒரு பத்திரிகையில் மாப்பிள்ளையின் இனிஷியல் தப்பாகி 400 கார்டும் வீண். மகன் என்னிடம் மூச்சு விடவில்லை. எனக்கு டென்ஷன் ஆகக்கூடாதாம். வேறொருவர் சொல்லித்தான் தெரியும். அன்றைக்கு நான் அழுதது கார்டுக்காக இல்லை. இனி இந்த வீட்டில் நான் எதற்கு என்றுதான் அழுதேன். செலவுக்காக மகளின் வளையல்கள் அடகில் இருக்கின்றன. இத்தனை பேர் இத்தனை செய்தும், ஆபரேஷன் டேபிளிலேயே போயிருக்கலாம் என்று சில ராத்திரி தோன்றுகிறது. நான் நன்றி கெட்டவனா?

பெயர் வேண்டாம், சென்னை-5

அன்புள்ள ஐயா,

அந்த ராத்திரி நினைப்பிலிருந்தே தொடங்குகிறேன். அதை வீட்டில் யாரிடமும் சொல்லியிருக்க மாட்டீர்கள் என்று நினைக்கிறேன். இன்றைக்கே மனைவியிடமோ மகனிடமோ சொல்லிவிடுங்கள். 'போயிருக்கலாம்' என்பது 'போய்விடலாம்' என்று மாறினால் ஒரு நிமிடமும் தனியாக இருக்காதீர்கள். வீட்டில் இருப்பவர்களை எழுப்பி ஆஸ்பத்திரிக்குப் போய்விடுங்கள். அந்த நேரத்தில் ஒரு குரல் வேண்டுமென்றால் 14416-ஐ அழையுங்கள். 2022-இல் தொடங்கிய அரசின் டெலி மானஸ் சேவை அது. இலவசம்தான், எந்நேரமும் எடுப்பார்கள், தமிழிலேயே பேசலாம்.

நன்றி கெட்டவரா என்று கேட்டிருக்கிறீர்கள். இல்லவே இல்லை. மார்பெலும்பைத் திறந்து கம்பி போட்டு மூடியிருக்கிறார்கள். எலும்பு கூடி முழு பலம் பெறவே ஏறக்குறைய மூன்று மாதம் ஆகும். மனசு மட்டும் ஏழு வாரத்தில் எழுந்து நின்று எல்லாருக்கும் கும்பிடு போட வேண்டுமா? பைபாஸ் முடிந்த முதல் சில வாரங்களில் அழுகை, எரிச்சல், தூக்கம் கெடுவது எல்லாம் நிறையப் பேருக்கு வரும், பெரும்பாலும் தானே அடங்கும். ஆனால் இதய நோயாளிகளில் ஏறக்குறைய ஐந்தில் ஒருவருக்கு அது மனச்சோர்வு நோயாகவே தங்கிவிடுகிறது. அப்படித் தங்கினால் மாத்திரை தவறும், நடை நிற்கும், கடைசியில் இதயத்தையும் அது பாதிக்கும். நீங்கள் எழுதியதைப் படித்த பிறகு 'இன்னும் கொஞ்ச நாள் பார்க்கலாம்' என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

இந்த வாரமே உங்கள் இதய டாக்டரிடம் இதையும் சொல்லுங்கள். தையல் ஆறிவிட்டதா என்று அவர் கேட்பார், அழுதீர்களா என்று கேட்க மாட்டார். நீங்களாகத்தான் வாயைத் திறக்க வேண்டும். துடிப்பை மட்டுப்படுத்தத் தரும் சில மாத்திரைகளால் அசதியும் விசித்திரக் கனவுகளும் வருவதுண்டு. அதையும் கேளுங்கள், ஆனால் நீங்களாக எதையும் நிறுத்திவிடாதீர்கள். ஒரு மனநல மருத்துவரையும் பாருங்கள். இதய நோயாளிகளும் சாப்பிடக்கூடிய மனச்சோர்வு மருந்துகள் இருக்கின்றன. போகும்போது இப்போதைய மாத்திரைச் சீட்டு கையில் இருக்கட்டும். பணம் ஒரு கவலை என்றால் ராஜீவ் காந்தி அரசுப் பொது மருத்துவமனையிலேயே மனநலப் பிரிவு உண்டு. கீழ்ப்பாக்கம் அரசு மனநல மருத்துவமனையிலும் போய்ப் பார்க்கலாம். 'கீழ்ப்பாக்கம் கேஸ்' என்று கிண்டலடித்தே வளர்ந்த ஊர் நம்முடையது, தெரியும். 1794-இலிருந்து நடக்கிற ஆஸ்பத்திரி, நம் கிண்டலைப் பார்த்து அது மூடிவிடவில்லை.

அப்புறம் அந்த ஆக்சிமீட்டர். கொரோனாவோடு வீட்டுக்குள் வந்தது, கொரோனா போயும் போகவில்லை. பயம் வருகிறது, மாட்டிப் பார்க்கிறீர்கள், எண் சரியாக இருக்கிறது, ஐந்து நிமிடம் நிம்மதி. பிறகு மறுபடி பயம். பயத்திலேயே துடிப்பு ஏறும், ஏறியதைப் பார்த்து இன்னும் பயம். ஒவ்வொரு தடவை பார்க்கும்போதும், பார்த்தால்தான் உயிரோடு இருப்போம் என்று மனசு பழகிக்கொள்கிறது. அதை மனைவியிடம் கொடுத்துவிடுங்கள். எத்தனை தடவை பார்க்க வேண்டும் என்று டாக்டர் சொல்கிறாரோ அத்தனை தடவைதான். நடுவில் கை தேடும்போது பத்து நிமிடம் தள்ளிப்போடுங்கள். முதல் மூன்று நாள் கஷ்டமாகத்தான் இருக்கும். ஆனால் நெஞ்சு வலி, மூச்சுத் திணறல், மயக்கம் வந்தால் தள்ளிப்போடக் கூடாது, உடனே 108.

இனிஷியல் விஷயத்துக்கு வருகிறேன். உங்கள் கடிதத்தில் என்னை அதிகம் உலுக்கியது அதுதான். உங்களைக் காப்பாற்றுவதாக நினைத்துக்கொண்டு, உங்கள் வேலையைக் கையிலிருந்து பிடுங்கிவிட்டார்கள். பிரியத்தில்தான் செய்கிறார்கள், அதனால் கோபப்படவும் முடியாது. அந்தக் கோபம் சாம்பார் மேல் போகிறது. பேப்பர் ரீம் தூக்குவது இப்போதைக்கு வேண்டாம், எலும்பு கூடட்டும். புரூப் பார்க்க என்ன தடை? டாக்டர் சரி என்றால் காலையில் ஒரு மணி நேரம் உட்கார்ந்து பாருங்கள். சாயங்காலம் அவர் சொன்ன தூரம், பார்த்தசாரதி கோயில் குளத்தை ஒட்டி மனைவியோடு நடங்கள், பேசிக்கொண்டே நடக்க முடிகிற வேகத்தில். வளையலை எப்போது மீட்பது என்று மகனோடு உட்கார்ந்து ஒரு தாளில் கணக்கெழுதுங்கள். ராத்திரி மூன்று மணிக்குப் போடுகிற கணக்கில் எப்போதும் கடன்தான் கூடும்.

இந்தப் பக்கத்தை உங்கள் மனைவியிடம் காட்டுங்கள். மிச்சம் அவருக்கு.

அம்மா, ஏழு வாரமாக நீங்களும் தூங்கியிருக்க மாட்டீர்கள். ஞாயிற்றுக்கிழமை மகளை வரச் சொல்லிவிட்டு, எங்காவது உங்கள் இஷ்டத்துக்குப் போய் வாருங்கள். அவர் அழுதால் 'அழாதீங்க' என்று சொல்ல வேண்டாம், பக்கத்தில் உட்காருங்கள், போதும். மகனிடம் சொல்லி வையுங்கள்: நாளைக்கு ஒரு கல்யாணப் பத்திரிகையின் புரூப் வீட்டுக்கு வரட்டும். கூடவே சிவப்புப் பேனா.