பழைய டகோமாவில் ஸ்டீரிங் ரேக் புஷ் போய்விட்டது என்று எப்படி உறுதி செய்வது? வீட்டிலேயே மாற்ற முடியுமா?

கேட்டவரிடம் இருப்பது 1999 டொயோட்டா டகோமா, 4 வீல் டிரைவ், 3.4 லிட்டர் வி6. ஹைவேயில் வண்டி அலைகிறது. ஸ்டீரிங்கை நடுவிலிருந்து கொஞ்சம் திருப்பினால் சக்கரம் தாமதமாகத்தான் கேட்கிறது. பார்க்கிங்கில் ஒடிக்கும்போது ‘டொக்’ என்று ஒரு சத்தம். இரண்டு முறை அலைன்மெண்ட் பார்த்தும் சரியாகவில்லை, ஒர்க்‌ஷாப்பில் ரேக்கையே (ஸ்டீரிங் திருப்புவதை முன் சக்கரங்களுக்குக் கொண்டுபோகும் நீளமான பற்சட்ட அமைப்பு) மாற்றச் சொல்கிறார்கள் என்கிறார்.

ரேக்குக்குக் காசு கொடுக்கும் முன் ஐந்து நிமிடம் ஒதுக்கி அது இடம் விட்டு நகர்கிறதா என்று பாருங்கள். 1995 முதல் 2004 வரை வந்த முதல் தலைமுறை டகோமாவில் நீங்கள் சொல்லும் மூன்று தொந்தரவும் சேர்ந்து வந்தால் முதலில் சந்தேகப்பட வேண்டியது ரேக்கை அல்ல, அதைச் சேசிஸில் பிடித்து வைத்திருக்கும் ரப்பர் புஷ்களைத்தான். அலைன்மெண்ட் நிற்காததற்கும் அதுவே காரணமாக இருக்கலாம். ரேக் இன்று ஓர் இடத்திலும் நாளை இன்னோர் இடத்திலும் உட்கார்ந்தால் ஸ்டீரிங் வீலின் நடு எப்படி நிலைக்கும்?

சோதனைக்கு இரண்டு ஆள் வேண்டும். வண்டி சமதளத்தில் நிற்கட்டும், நான்கு சக்கரமும் தரையில் இருக்கட்டும், ஹேண்ட் பிரேக் இழுத்திருக்கட்டும், கியர் பார்க்கில் இருக்கட்டும். எஞ்சின் ஓட வேண்டும். பவர் ஸ்டீரிங் அழுத்தம் இல்லாமல் ஆட்டிப் பார்த்தால் ஆட்டம் சரியாகத் தெரியாது. ஒருவர் ஸ்டீரிங்கை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் கால் சுற்றுக்கும் குறைவாக ஆட்டிக்கொண்டே இருக்க, மற்றவர் முன் பம்பருக்குக் கீழே டார்ச் அடித்துப் பார்க்க வேண்டும். சக்கரங்களுக்கு நடுவே படுக்காதீர்கள், முன்னால் இருந்தே பார்க்கலாம். ரேக்கிலிருந்து சக்கரத்துக்குப் போகும் கம்பியான டை ராட் மட்டும் நகர்ந்து, ரேக்கின் உடல் அசையாமல் இருந்தால் புஷ் நன்றாக இருக்கிறது. உடலே இடமும் வலமும் தாவினால் போய்விட்டது. கிளாம்ப் ஓரத்தில், அழுக்குக்கு நடுவே ஒரு கோடாக உலோகம் பளபளவென்று தேய்ந்திருக்கும். அந்தக் கோட்டைப் பார்த்துவிட்டால் வேறு சாட்சி வேண்டாம்.

இந்த ஆட்டம் கண்ணுக்குச் சின்னதாகத்தான் தெரியும். ஆனால் ஒரு முழுச் சுற்றுக்கு 48 மிமீ நகரும் ரேக் என்று வைத்துக்கொண்டால், உடல் 3 மிமீ தாவுவது ஸ்டீரிங் வீலில் 20 டிகிரிக்கு மேல் வீணாவதற்குச் சமம். வண்டி கேட்காத அந்தத் தூரம் இதுதான்.

உடல் அசையவில்லை என்றால் வேறு இடத்தில் தேடுங்கள். முன் சக்கரத்தைத் தூக்கி, கடிகாரத்தின் 3, 9 இடங்களில் பிடித்து ஆட்டும்போது ரேக்கின் முனையில் உள்ள மடிப்பு மடிப்பான ரப்பர் உறையை (பூட்) இன்னொருவர் அமுக்கிப் பிடித்தால், உள்ளே இருக்கும் இன்னர் டை ராட்டின் ஆட்டம் விரலில் தெரியும். வெளி டை ராட் எண்டின் லூஸ் கண்ணுக்கே தெரியும். ஸ்டீரிங் ஷாஃப்ட்டின் யுனிவர்சல் ஜாயிண்டையும் ஒரு முறை பாருங்கள். அந்த ரப்பர் உறையை அமுக்கும்போது உள்ளே ஆயில் தளும்பினால், அல்லது பினியன் (ஸ்டீரிங் ஷாஃப்ட் ரேக்கில் சேரும் பல்சக்கரம்) பக்கம் ஈரமாக இருந்தால், ரேக்கின் சீல் போய்விட்டது. அப்போது உங்கள் ஒர்க்‌ஷாப் சொன்னது சரி. ஒழுகும் ரேக்குக்குப் புதுப் புஷ் போடுவது கூலிக்குக் கேடு.

இங்கே ஒரு இடைச்செருகல், புஷ்ஷைவிட முக்கியமானது. கீழே கிடக்கும் நேரத்தில் லோயர் பால் ஜாயிண்டையும் (சக்கரத்தைச் சஸ்பென்ஷனின் கீழ்க் கையோடு சேர்க்கும் உருண்டை மூட்டு) கட்டாயம் பாருங்கள். இந்த வண்டியில் அது வண்டியின் எடையைத் தாங்கிப் பிடிப்பதில்லை, எடை அதை இழுக்கிறது. தேய்ந்தால் சாக்கெட்டை விட்டு உருவிக்கொண்டு வரும், சக்கரம் மடங்கிவிடும். 2001–2004 டகோமாக்களில் ஒரு பகுதியை இதற்காகவே டொயோட்டா 2005-இல் திரும்ப அழைத்தது. உங்களுடையது 1999 என்பதால் கவலை இல்லை என்று நினைக்க வேண்டாம், அமைப்பு அதேதான். கூடவே சேசிஸின் துருவையும் சுத்தியலால் தட்டிப் பாருங்கள். 1995–2000 டகோமாக்களின் சேசிஸ் துருவுக்காக 2008-இல் டொயோட்டா 15 ஆண்டு வாரண்டி கொடுக்க வேண்டி வந்தது. ரேக் பிடிக்கும் குறுக்குச் சட்டத்தில் தட்டினால் ‘ணங்’ என்று வர வேண்டும். பொத்தென்று வந்தால், ஏடு ஏடாக உதிர்ந்தால், புஷ் வேலையை அங்கேயே நிறுத்துங்கள்.

சரி, புஷ்தான் என்று முடிவானால் எந்தப் பொருள் வாங்குவது? ரப்பரா, பாலியூரித்தேனா என்று நிறையச் சண்டை நடக்கிறது. சஸ்பென்ஷனின் கண்ட்ரோல் ஆர்ம் போன்ற இடங்களில் புஷ் சுழல வேண்டும், முறுக்கத்தைத் தாங்க வேண்டும், அங்கே ரப்பருக்கு நியாயம் இருக்கிறது. ரேக் புஷ் சுழல வேண்டியதே இல்லை. அதன் ஒரே வேலை அசையாமல் பிடிப்பது. எனவே இந்த இடத்தில் பாலியூரித்தேன்தான் என் பரிந்துரை. ஆயில் பட்டாலும் ரப்பர் மாதிரி ஊறி இளகாது. சாலையின் அதிர்வு கைக்குக் கொஞ்சம் கூடுதலாக வரும், அவ்வளவுதான். ஆனால் ஏன் பழைய ரப்பர் செத்தது என்பதையும் பாருங்கள். மேலிருந்து எஞ்சின் ஆயிலோ ஸ்டீரிங் ஆயிலோ சொட்டிக்கொண்டிருந்தால் முதலில் அந்த ஒழுக்கை நிறுத்துங்கள். பெரிய டயரும் வெளியே தள்ளிய வீலும் போட்டிருந்தால் புஷ் மீது விழும் சுமை கூடும், தேய்மானமும் சீக்கிரம் வரும்.

4 வீல் டிரைவுக்கும் பிரீரன்னருக்கும் (4 வீல் டிரைவின் முன்பக்க அமைப்போடு வந்த 2 வீல் டிரைவ் டகோமா) ஒரே கிட். ஐந்து போல்ட் சக்கரம் உள்ள சாதாரண 2 வீல் டிரைவ் டகோமாவின் முன்பக்கம் வேறு மாதிரி, அதன் கிட் இதற்குப் பொருந்தாது. உங்கள் கிட்டில் டிரைவர் பக்கத்துக்கு இரண்டு வட்டப் புஷ் செட், அவற்றுக்கு இரும்புக் குழாய்கள், பயணி பக்கத்துக்கு ரேக்கைச் சுற்றி உட்காரும் அரைவட்டப் புஷ் ஒன்று, ஒரு பொட்டலம் கிரீஸ் இருக்க வேண்டும். கூடவே டை ராட் எண்டுக்கு இரண்டு புது ஸ்பிளிட் பின் வாங்கி வையுங்கள்.

துருநீக்கி ஆயிலை முந்தின நாள் இரவே எல்லா போல்ட்டிலும் அடித்து ஊற விடுங்கள். 17, 19, 22 மிமீ சாக்கெட், நீளமான பிரேக்கர் பார், டார்க் ரெஞ்ச் (இறுக்கும் அளவைக் காட்டும் ரெஞ்ச்), டை ராட் புல்லர், ஹாக்சா பிளேடு, உளி, டிரில், இரண்டு கனமான ஸ்டாண்டு வேண்டும். ஜாக்கியை மட்டும் நம்பி அடியில் போகக் கூடாது.

சக்கரங்களை நேராக வைத்து, சாவியை எடுத்து, ஸ்டீரிங் லாக் விழுந்ததா என்று பாருங்கள். நம்பிக்கை இல்லை என்றால் சீட் பெல்ட்டை ஸ்டீரிங் வீலுக்குள் கொடுத்து மாட்டுங்கள். காரணம், ஸ்டீரிங் ஷாஃப்ட்டைப் பிரித்த பின் யாராவது வீலைச் சுற்றிவிட்டால், உள்ளே சுருண்டிருக்கும் ஏர்பேக் கேபிள் அறுந்துவிடும்.

முன்பக்கத்தைத் தூக்கி, ஸ்டாண்டுகளைச் சேசிஸுக்கு அடியில் வைத்து, சக்கரங்களையும் அடித்தட்டையும் கழற்றுங்கள். டை ராட் எண்டின் ஸ்பிளிட் பின்னை உருவி, காஸில் நட்டைத் (பின் மாட்டப் பள்ளங்கள் உள்ள நட்) தளர்த்தி, புல்லர் போட்டு விடுவியுங்கள். கவட்டை மாதிரி ஆப்பு அடித்துப் பிரிப்பவர்கள் உண்டு, அது எண்டின் ரப்பர் உறையைக் கிழித்துவிடும், எண்டையும் சேர்த்து மாற்றும்படி ஆகும். டை ராட்டின் லாக் நட்டை மட்டும் தொடாதீர்கள். அதைத் தொடாதவரை டோ அளவு (முன் சக்கரங்கள் உள்ளேயோ வெளியேயோ திரும்பி நிற்கும் அளவு) கலையாது.

ஸ்டீரிங் ஷாஃப்ட் பினியனில் சேரும் இடத்தில் இரண்டின் மீதும் சேர்த்து ஒரு பெயிண்ட் கோடு போட்டுவிட்டு, அங்கிருக்கும் இறுக்கு போல்ட்டை முழுவதுமாக வெளியே எடுங்கள். தளர்த்தினால் போதாது, அது பினியனில் உள்ள பள்ளத்தில் மாட்டிக்கொண்டு ஷாஃப்ட்டை வர விடாது. ஹைட்ராலிக் குழாய்களைக் கழற்ற வேண்டியதில்லை. கிளிப்பை மட்டும் விடுவித்தால், ரேக்கைச் சில அங்குலம் முன்னும் கீழும் கொண்டுவர இடம் கிடைக்கும். பயணி பக்கக் கிளாம்ப்பின் இரண்டு போல்ட், டிரைவர் பக்க இரண்டு போல்ட், இவ்வளவுதான். கடைசி போல்ட் வரும்போது ரேக்கைக் கயிற்றாலோ கட்டையாலோ தாங்குங்கள், குழாயில் தொங்க விடக் கூடாது.

அரைவட்டப் புஷ் கையோடு வந்துவிடும். வட்டப் புஷ்கள்தான் பாதி நாளைத் தின்னும். அவற்றின் ரப்பருக்கு உள்ளே ஒரு இரும்புக் குழாய், வெளியே ஒரு இரும்பு உறை. ரப்பரில் வரிசையாக டிரில் போட்டுச் சல்லடையாக்கி, உள்குழாயைத் தள்ளி எடுங்கள். வெளி உறையை எடுக்க வேண்டுமா கூடாதா என்பது கிட்டைப் பொறுத்தது. காகிதத்தில் எழுதியிருக்கும், இருந்தாலும் புதுப் புஷ்ஷின் வெளி விட்டத்தையும் துளையின் உள் விட்டத்தையும் காலிப்பரில் அளந்து பாருங்கள். கைவிரலால் அமுக்கினால் லூஸாக உள்ளே விழும் புஷ் தவறு. உறையை எடுக்க வேண்டும் என்றால், ஹாக்சா பிளேடை உள்ளே விட்டு உறையில் மட்டும் ஒரு கோடு அறுத்து, உளியால் உள்பக்கமாக மடக்குங்கள். ரேக்கின் கூடு அலுமினியம், பிளேடு அதைக் கீறினால் அந்த இடத்திலிருந்து விரிசல் பிடிக்கலாம். சிலர் கேஸ் டார்ச்சால் ரப்பரை எரிக்கச் சொல்வார்கள். பக்கத்திலேயே சீலும் ஆயில் குழாயும் இருக்கும்போது அது வேண்டாத வேலை.

துளையைக் கம்பி பிரஷ்ஷால் சுத்தம் செய்து, கிட்டோடு வந்த கிரீஸைப் புஷ்ஷின் உள்ளும் புறமும் தடவுங்கள். பாலியூரித்தேனைக் காய்ந்தபடி போட்டால் கிறீச்சிடும். இரண்டு பாதிகளையும் இரு பக்கத்திலிருந்து அமுக்கி, நடுவே குழாயை வைஸ் அல்லது நீள போல்ட்டும் வாஷரும் வைத்து இழுத்துச் செருகுங்கள். குழாய் இரு முனையிலும் புஷ்ஷைவிட நூலளவு நீண்டிருக்க வேண்டும். போல்ட்டை இறுக்கும்போது சுமை குழாய் மீது விழ வேண்டுமே தவிர பிளாஸ்டிக் மீது விழக் கூடாது. விழுந்தால் போல்ட் சில மாதத்தில் தானாகத் தளரும்.

ரேக்கைத் திரும்ப வைக்கும்போது நான்கு போல்ட்டையும் கையால் நாலைந்து மரை ஏற்றிய பின்பே இறுக்கத் தொடங்குங்கள். ஒன்றை முதலிலேயே முறுக்கிவிட்டால் மற்றது துளைக்கு நேராக வராது, மரை போய்விடும். அரைவட்டப் புஷ்ஷின் தட்டையான முகம் சேசிஸ் பக்கம் இருக்கட்டும். கிளாம்ப் இரு பக்கமும் சமமாக உட்கார வேண்டும், ஒரு பக்கம் தூக்கி நின்றால் புஷ் திரும்பியிருக்கிறது. இறுக்கும் அளவை உங்கள் ஆண்டுக்கான சர்வீஸ் மேனுவலில் பார்த்து, டார்க் ரெஞ்சால் மாறி மாறி முறுக்குங்கள். இங்கே கைக்கணக்கு வேண்டாம்.

பெயிண்ட் கோட்டைச் சேர்த்து ஷாஃப்ட்டை மாட்டி, டை ராட்டைப் பொருத்தி, காஸில் நட்டை அளவுக்கு முறுக்குங்கள். ஸ்பிளிட் பின் துளை நேராக வரவில்லை என்றால் இன்னும் கொஞ்சம் இறுக்கித்தான் சேர்க்க வேண்டும், பின்னோக்கித் தளர்த்தக் கூடாது. சக்கரம் தூக்கியிருக்கும்போதே எஞ்சினை ஓட்டி, ஸ்டீரிங்கை இந்த முனையிலிருந்து அந்த முனைவரை மெதுவாகத் திருப்புங்கள். குழாய் எதிலும் உரசுகிறதா, எங்காவது சிக்குகிறதா என்று பாருங்கள். ரிசர்வாயரில் ஆயில் குறைந்திருந்தால் டெக்ஸ்ரான் 2 அல்லது 3 வகை ஏடிஎஃப் ஊற்றலாம்.

தரையில் இறக்கி முதல் சோதனையையே மறுபடி செய்யுங்கள். ரேக்கின் உடல் இப்போது சேசிஸோடு ஒட்டியது போல் நிற்க வேண்டும். ஓட்டும்போது ஸ்டீரிங் வீல் சில டிகிரி சாய்ந்திருக்கலாம். புது இடத்தில் ரேக் நிற்பதால் வரும் வித்தியாசம் அது. வீலைக் கழற்றித் திருப்பி மாட்டச் சொல்லாதீர்கள். அலைன்மெண்ட் கடையில் இரண்டு டை ராட்டையும் ஒரே அளவு, ஒன்றை நீட்டி மற்றதைக் குறைத்து, நடுவைச் சரி செய்யச் சொல்லுங்கள்.