ஒட்டினால் குப்பையாக வரும் சட்டத் தமிழ்

ஏற்காட்டு மக்களுக்காகத் தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டத்தை உங்கள் இணையப் பக்கத்தில் போட நினைக்கிறீர்கள்; பிடிஎஃப் கோப்பிலிருந்து நகலெடுத்து ஒட்டினால் குப்பையாக வருகிறது என்கிறீர்கள். அந்தக் கோப்பைத் திரும்பத் தட்டச்சு செய்ய வேண்டாம். எழுத்துகளை யூனிகோடுக்கு (எல்லாக் கணினிக்கும் பொதுவான எழுத்துக் குறியீட்டுக்கு) மாற்றினால் பெரும்பாலும் போதும். 1994ஆம் ஆண்டின் ஊராட்சிகள் சட்டம் திரையில் தமிழாகத் தெரிந்தும், ஒட்டும்போது ஆங்கில எழுத்துக் குப்பையாக வருவதற்குக் காரணம் பெரும்பாலும் யூனிகோடுக்கு முந்தைய எழுத்துரு. அதில் ஆங்கில எழுத்தின் இடத்தில் தமிழ் வடிவம் உட்கார்ந்திருக்கும். செவ்வாய்ப்பேட்டை டிடிபி கடையில் வேலை பார்த்த காலத்தில் இப்படிப்பட்ட கோப்புகளோடுதான் என் பகல் கழிந்தது.

1. லினக்ஸில், பிடிஎஃப் கோப்புகளுக்கான பாப்ளர் கருவித்தொகுப்பின் 'பிடிஎஃப்ஃபான்ட்ஸ்' (pdffonts) கட்டளையைக் கொடுத்து எழுத்துருவின் பெயரைப் பாருங்கள். பாமினி, வானவில் போன்ற பெயர் வந்தால் அதற்குரிய யூனிகோடு மாற்றியில் போடுங்கள்.

2. எழுத்துருவே இல்லையென்றால் அது வெறும் படம். பக்கங்களை 300 டிபிஐ படங்களாக்கி, படத்திலுள்ள எழுத்தைப் படிக்கும் டெசராக்ட் மென்பொருளை அதன் தமிழ்த் தரவோடு படிக்க வையுங்கள்.

எந்த வழியானாலும் பிரிவு எண்களை மூலத்தோடு ஒவ்வொன்றாக ஒப்பிடுங்கள். எனக்கு ஒருமுறை உட்பிரிவு (3) என்பது (8) ஆகிவிட்டது. கிராம சபையில் அதைக் கையில் வைத்துக்கொண்டு ஒருவர் எழுந்து பேசினால் என்ன ஆகும்? ஏற்காட்டு மக்கள் உங்கள் பக்கத்தை நம்பித்தான் படிப்பார்கள்.

இன்னொன்று: பதிப்புரிமைச் சட்டம் 1957, பிரிவு 52(1)(க்யூ)வின்படி, சட்டமன்றச் சட்டத்தை மறுவெளியீடு செய்யும்போது கூடவே விளக்கவுரையோ உங்கள் சொந்தக் குறிப்போ இருக்க வேண்டும். ஒவ்வொரு பிரிவின் கீழும் எளிய விளக்கம் எழுதுங்கள். எந்தத் தேதி வரையிலான திருத்தங்கள் சேர்ந்துள்ளன என்பதை மேலேயே போடுங்கள்.